கண்டம் செய்யப்பட்ட ராணுவ வண்டிகளுக்குத் தனி விதி வேண்டும்: ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.
போக்குவரத்து ஆணையர், தமிழ்நாடு அரசு, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

என் கொட்டகையில் நிற்கும் நிசான் ஒன்-டன் என்னும் சிறு ராணுவ லாரி 1974இல் ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் உருவானது. இருபது ஆண்டுகள் ராணுவத்தில் உழைத்துக் கண்டம் செய்யப்பட்ட (இனி பயன்படாது என்று கழிக்கப்பட்ட) பிறகு, 1995இல் ஏலத்தின் வழியாகக் கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு வந்து, தேயிலை மூட்டையும் விறகும் சுமந்து, கடைசியில் மழை ஒழுகும் தகரக் கூரையின் கீழ் நான்கு சக்கரமும் மண்ணில் இறங்கிய நிலையில் 2019இல் என்னிடம் வந்து சேர்ந்தது. அதன் அசல் வகை எஞ்சினை அதற்கே திருப்பிப் பொருத்தினேன். இப்போதிருக்கும் சட்டத்தின்படி நான் செய்த குற்றம் அதுதான்.

இது எப்படிக் குற்றமாகும் என்பதை விளக்க வேண்டும். எஸ்டேட்காரர்கள் 1997இல் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். நான்கு லிட்டருக்குச் சற்றே குறைவான அந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், மலையேற்றத்தில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. சுமை ஏற்றிப் பிழைப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு 2000ஆம் ஆண்டில் திருத்தப்படுவதற்கு முன்பு, பதிவு அலுவலரின் ஒப்புதலைப் பெற்று இத்தகைய மாற்றத்தைச் செய்ய முடிந்தது. அவர்கள் முறைப்படி ஒப்புதல் பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் 'டீசல்' என்று எழுதி வாங்கியும் இருக்கிறார்கள். அந்த டீசல் எஞ்சினை இறக்கி, கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடைத்த அதே வகை ஜபல்பூர் எஞ்சினை மூன்று ஆண்டுகள் பட்டறையில் வைத்துச் சீர்செய்து நான் ஏற்றினேன். இன்று வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததுபோல் இருக்கிறது, ஆனால் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றத்தைத் திருத்தியதும் மாற்றம் என்ற கணக்கிலேயே வந்து சேர்கிறது.

என் ஒரு வண்டிக்காக மட்டும் இதை எழுதவில்லை. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொடைக்கானல் சரிவுகளிலும், பிற மாநிலங்களிலும், ஜோங்கா என்னும் ராணுவ ஜீப் வகையும் ஒன்-டன்னும் சக்திமான் லாரியும் பழைய ஜீப்பும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். இந்த வண்டிகளைத் தொடும் விதிகள் பல; தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ராணுவ வண்டி ஒன்றின் மேல் அவை எல்லாம் ஒன்றாக விழும்போதுதான் ஒன்றையொன்று மறுக்கின்றன. எனவே இவ்வகை வண்டிகளுக்கென்று தனி விதி ஒன்றை வகுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சட்டம் எங்கள் பக்கம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராணுவ வாகனங்களுக்கு 60ஆவது பிரிவின்படி தனிப் பதிவு உண்டு. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் அந்த எண்ணை நெடுஞ்சாலையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, அந்த வாகனம் மத்திய அரசின் உடைமையாக இல்லாமல் போனதும், மற்ற வாகனங்களைப் போலவே 39, 40ஆம் பிரிவுகளின்படி பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 47ஆவது விதியோ, முன்னாள் ராணுவ வாகனங்களுக்கு உரிய அதிகாரி தரும் 21ஆம் படிவ விற்பனைச் சான்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே ராணுவம் ஏலத்தில் விடும் வண்டி குடிமக்கள் சாலைக்கு வரும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்தே இருந்தார்கள். அந்த வழியில்தான் என் வண்டியும் 1995இல் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற்றது.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பழம்பெரும் வாகனங்களைக் காக்க அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளை நான் மனதார வரவேற்றவன். 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் பலகை, 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்து ஆண்டுப் பதிவு, கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் மட்டும் சாலையில் ஓட்டலாம் என்ற வரம்பு ஆகிய எல்லாமே நியாயமானவை. ஆனால் அந்த விதிகள் இருசக்கர வாகனங்களுக்கும் எம்1 வகை நான்கு சக்கர வாகனங்களுக்கும் மட்டுமே பொருந்தும். எம்1 என்றால் ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மிகாமல் உட்காரும் பயணிகள் வாகனம். பின்புறம் சரக்குத் தொட்டி உள்ள எதுவும் 'N' எனப்படும் சரக்கு வாகன வகை என்பதால் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

என் நண்பர் ஒருவரிடம் ஜோங்கா இருக்கிறது. அதுவும் ஜபல்பூரில் செய்தது. அதே நிசான் உரிமத்தில் வந்த அதே ஆறு சிலிண்டர் எஞ்சின். என் வண்டி உருவான அதே ஆண்டு. அது ஆட்களை ஏற்றியது, இது மூட்டையையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றியது, வேறுபாடு அவ்வளவே. பாரம்பரியம் என்ற தகுதி ஒன்றுக்கு உண்டு, மற்றதற்கு இல்லை என்பதற்கு இந்த வேறுபாடு போதுமானதா என்று அமைச்சகம் யோசிக்க வேண்டும். இந்திய ராணுவத்தின் மோட்டார் வரலாற்றை எழுதினால் அதில் முதலில் வரவேண்டியவை சரக்கு வண்டிகளே. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தோடு 1959இல் ஜபல்பூரில் தொடங்கிய சக்திமான், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் எல்லைச் சாலைகளில் ஓடியது; 1996இல் அதன் உற்பத்தி நின்றது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்றான அசோக் லேலண்ட் ஸ்டாலியன்கூட இப்போது முதுமையை எட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட இன்றைய விதியின்படி பழம்பெரும் வாகனம் ஆகவே முடியாது. அரண்மனைக் கொட்டகையில் துணி போர்த்தி நின்ற சொகுசு கார் ஆகலாம்.

நண்பரின் ஜோங்காவுக்காவது எளிதா என்றால் அதுவும் இல்லை. பழம்பெரும் வாகனம் ஆக ஐம்பது ஆண்டு நிரம்ப வேண்டும்; அதை முதல் விற்பனைக்குப் பிந்தைய முதல் பதிவிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது விதி. ராணுவ வண்டிக்கு முதல் விற்பனை எது? தொழிற்சாலை ராணுவத்துக்குக் கொடுத்ததா, ராணுவம் ஏலத்தில் குடிமகனுக்கு விற்றதா? 60ஆவது பிரிவின்படி நடந்த ராணுவப் பதிவு இந்தக் கணக்கில் சேருமா? அவருடைய ஆர்.சி. புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு 1974 என்றும் பதிவு ஆண்டு 1995 என்றும் இருக்கின்றன. இரண்டாவதை எடுத்துக்கொண்டால் அந்த வண்டி 2045இல்தான் தகுதி பெறும். அப்போது அதற்கு வயது 71, நண்பருக்கு 88. அவர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உற்பத்தி ஆண்டு பொறித்த தகடும் ராணுவத்தின் விடுவிப்புச் சான்றும் கையில் இருந்தால், அந்த ஆண்டையே கணக்கின் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது நிறம். என் வண்டியின் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது, எஸ்டேட்காரர் அடித்த நீலத்துக்குக் கீழே ஒரு மஞ்சள், அதற்கும் கீழே ஒரு சாம்பல், அதற்கு அடியில் ராணுவத்தின் ஆலிவ் பச்சை தென்பட்டது. அந்தப் பச்சையின் மேல் அச்சுத் தகடு வைத்து வெள்ளையில் எழுதிய அம்புக்குறியும் எண்களும் பாதி அழிந்த நிலையில் இருந்தன. பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டையில் வெள்ளை பூசிய அடையாளமும் இருந்தது. இருட்டில் விளக்கை அணைத்துக்கொண்டு வரிசையாகப் போகும்போது, மேலிருந்து ஒரு சிறு விளக்கு அந்த வெள்ளையின்மீது மட்டும் விழும். பின்னால் வருபவர் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ராணுவத்தில் வாகனங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற வேலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர்தான் எனக்கு எஞ்சின் வேலையில் உதவினார். அந்த வெள்ளையைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

அந்த நிறத்தை நான் திரும்ப அடிக்க முடியாது. 121ஆவது விதியின்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே உரியது. இதை எதிர்த்து ஒரு சொல்லும் நான் சொல்லப்போவதில்லை. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்த கார், உள்துறை அமைச்சக ஒட்டுவில்லையோடு வந்தது என்பதை மறந்துவிட்டு நிறத்தைப் பற்றிப் பேச முடியாது. ராணுவ வண்டி போலத் தோற்றமளிக்கும் ஒன்று யாரும் தடுக்காமல் சாலையில் போவது யாருக்கும் நல்லதல்ல. நாங்கள் மணல் நிறமோ சாம்பலோ அடித்துக்கொள்கிறோம். ஆனால் பழம்பெரும் வாகன விதி, வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. நிற விதி அதன் மூல நிறம் இருக்கக் கூடாது என்கிறது. ஆய்வாளர் ஒருவர் நிறம் மாறியிருப்பதைக் காரணம் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டால், அவரைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. 121ஆவது விதிக்கு இணங்கச் செய்த நிற மாற்றம் மூலத்தன்மையைப் பாதிக்காது என்று தெளிவாக எழுத வேண்டும். முன்னாள் ராணுவ வண்டி என்பதைத் தொலைவிலிருந்தே காட்டும் தனி எண் பலகையைக் கட்டாயமாக்கினாலும் எங்களுக்கு மறுப்பில்லை. காவல் துறைக்கும் அது எளிது.

இனி மாற்றியமைத்தல் பற்றி. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு, பழைய ஜீப் வைத்திருப்பவர் அனைவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. அதற்கான காரணத்தை நானும் அறிவேன். மட்காட்டை விட்டு ஒரு சாண் வெளியே நீளும் டயர், எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்குப் பட்டை, 2017 டிசம்பரில் அமைச்சகமே தடை செய்த, முன்பக்கம் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பி, காதைப் பிளக்கும் சைலன்சர் என்று மாட்டிக்கொண்டு ஊருக்குள் திரிபவர்களை எனக்கும் பிடிக்காது. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை, அபராதம் போடுங்கள்.

ஆனால் வேறொரு வகை மாற்றம் இருக்கிறது. 2021இல், டீசல் எஞ்சினோடு இருந்தபோதே, வண்டியைக் கூடலூரிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்து ஆயில் முழுவதும் கொட்டிப்போயிருந்தது. அந்தக் கால வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பு. ஒரு குழாய் போனால் நான்கும் போயிற்று. முதல் கியருக்கு இறக்கி, கைப் பிரேக்கைப் பற்றிக்கொண்டு, மலைப் பக்கத்து மண் சரிவில் உரசவிட்டு வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் என் மகன் இருந்தான். அடுத்த மாதமே இரட்டை இணைப்பு மாஸ்டர் சிலிண்டரும் வாக்யூம் பூஸ்டரும் பொருத்தினேன். முன் இருக்கைகளுக்கு மூன்று முனை பெல்ட்டும் போட்டேன்.

இவை சட்டப்படி மாற்றமா இல்லையா? 52ஆவது பிரிவின் விளக்கம், வாகனத்தின் அடிப்படைக் கூறு மாறும்படி அமைப்பை மாற்றுவதே மாற்றம் என்கிறது. அடிப்படைக் கூறு எது என்று எங்கும் சொல்லவில்லை. என் வாசிப்பில் பிரேக் பாதுகாப்பைக் கூட்டுவது அதில் அடங்காது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காக நான் சென்ற போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் எடுத்துப் பார்த்து, வேலையைப் பாராட்டவும் செய்தார். பிறகு, "சார், வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு ஒரு விபத்துன்னா, இதுக்கு எப்படி எஃப்.சி. கொடுத்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க. எழுத்துல எதாவது இருந்தா காட்டுங்க" என்றார். என்னிடம் காட்ட எழுத்தில் எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இன்னொரு முரணையும் இங்கே குறிப்பிட வேண்டும். இதே 52ஆவது பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட உபகரணத் தொகுப்பைப் பொருத்தி எஞ்சினை எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்ற இடம் தருகிறது. அதாவது 1974இன் வண்டியிலிருந்து எஞ்சினை முழுவதும் எடுத்துவிட்டு மின்மோட்டார் வைப்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு. அதற்குரிய அசல் வகை எஞ்சினை வைப்பதற்கு வழி இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நடைமுறையைச் சொல்கிறேன். பிரிட்டனில் வாகனப் பதிவைக் கவனிக்கும் முகமை, பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய அடையாளத்தை வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்ய நெடுங்காலம் ஒரு புள்ளி முறையைக் கையாண்டது. மூலச் சட்டகத்துக்கு, அதாவது சேசிஸுக்கு, 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் பெட்டி, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 14இல் 8 புள்ளி இருந்தால், அதில் சேசிஸும் சேர்ந்திருந்தால், வண்டி பழைய வண்டியே. அங்கே இன்று வேறு திருத்தங்கள் வந்திருந்தாலும், இந்த எண்களுக்குள் இருக்கும் எண்ணம் நமக்குப் பயன்படும். எஞ்சின் மாறினாலும் வண்டி மாறிவிடவில்லை என்பது மெக்கானிக் எவருக்கும் தெரிந்த செய்தி. வில்பட்டை மாறும், எஞ்சின் மாறும், சேசிஸ்தான் வண்டி. ராணுவமே ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றுக்கு மாற்றித்தான் இவற்றை இத்தனை ஆண்டு ஓட்டியது.

ஆகவே, கண்டம் செய்யப்பட்டு ஏலத்தில் முறையாக விற்கப்பட்ட ராணுவச் சரக்கு வண்டிகளையும் ஜீப்புகளையும் பழம்பெரும் வாகன விதிகளுக்குள் ஒரு தனி வகையாகச் சேர்க்க வேண்டும். அவற்றுக்குச் சரக்கு ஏற்றும் உரிமை வேண்டாம். வாடகை ஓட்டம் வேண்டாம். ஓட்டும் தூரத்துக்கு ஆண்டு வரம்பு வைத்தாலும் ஏற்கிறோம். ஆண்டு முழுவதும் இருநூறு கிலோமீட்டர் ஓடும் என் வண்டி, நாள்தோறும் சரக்கு ஏற்றும் லாரியைப் போலவே ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி.க்கு நிற்க வேண்டியிருப்பது மட்டும் மாற வேண்டும். மூல வகை எஞ்சினை மீட்டுப் பொருத்துவதை, சேசிஸ் எண் ஒத்துப்போகும் நிலையில், மாற்றமாகக் கருதாமல் ஆர்.சி. புத்தகத்தில் திருத்தமாகப் பதிய வேண்டும். இரட்டை இணைப்பு பிரேக், இருக்கை பெல்ட், திசை காட்டும் விளக்கு போன்ற பாதுகாப்புச் சேர்ப்புகளின் பட்டியல் ஒன்றை அமைச்சகம் எழுத்தில் வெளியிட்டால், அந்த ஆய்வாளரைப் போன்றவர்கள் அச்சமின்றிக் கையெழுத்திடுவார்கள்.

அதற்கு மேற்பட்ட மாற்றங்களைச் சோதிக்க வேண்டுமென்றால் இடம் தேடவும் வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உலகத் தரத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது; பூனாவில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் ஒரு மாதிரிக்குச் செலுத்தும் கட்டணத்தை ஒற்றை வண்டிக்காரர் கட்ட முடியாது என்பதால், தனி வண்டிக்கென்று ஒரு எளிய சோதனை முறையும் அதற்கேற்ற கட்டணமும் வகுக்கக் கோருகிறேன். பிரேக் நிற்கும் தூரம், ஸ்டியரிங், விளக்கு, புகை ஆகிய நான்கையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

மாநிலப் போக்குவரத்து ஆணையர் அவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். மத்திய விதி மாறக் காலம் எடுக்கும். அதுவரை, முன்னாள் ராணுவ வாகனம் என்று ஆர்.சி. புத்தகத்தில் ஏற்கெனவே பதிவாகியுள்ள வண்டிகள் தமிழ்நாட்டில் எத்தனை என்று ஒரு கணக்கு எடுத்து, அவற்றின் நிலையை ஆராய ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். வண்டியைக் கணினிப் பதிவேட்டில் ஏற்றும்போது தயாரிப்பாளர் பட்டியலில் ஜபல்பூர் தொழிற்சாலையின் பெயரைத் தேடி அரை மணி நேரம் போனதை நான் நேரில் பார்த்தேன். கடைசியில் 'பிற' என்று போட்டார்கள். இது உங்கள் அலுவலக அளவிலேயே சரிசெய்யக்கூடியது.

இவற்றை உடைத்து இரும்பாக விற்றுவிடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கிலோக் கணக்கில் போட்டால் என் வண்டிக்கு நல்ல விலையே வரும். சேசிஸ் இரும்பு அப்படிக் கனமானது. எஸ்டேட்காரரும் அதைத்தான் செய்ய இருந்தார். நான் ஒரு வாரம் தாமதமாகப் போயிருந்தால் எரிவாயு வெட்டுக்காரர் முந்தியிருப்பார்.

வண்டி இப்போது கோவையில் என் கொட்டகையில், கட்டைகளின் மேல் ஏற்றி, பேட்டரி கழற்றி நிற்கிறது. 21ஆம் படிவம், 1997இன் டீசல் ஒப்புதல், எஞ்சின் வாங்கிய ரசீது, பிரேக் வேலையின் படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் உள்ளன. உங்கள் துறையிலிருந்து எவரேனும் ஆய்வுக்கு வருவதாயின், எந்த வேலை நாளிலும் வரலாம். முன்கூட்டிச் சொன்னால் சக்கரத்தைத் தரையில் இறக்கி எஞ்சினை ஓடவிட்டு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு நிசான் ஒன்-டன் வண்டியின் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.